கேரவன் புறப்பாட்டுப் படலம்

வெல்க முரளிதரன்! அலைகடல் சூழ் ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடியில், இல்லங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல் நிரைநிரையாய் நிற்கும் கிரான்பர்ன் நன்னகரின் காவலன். மல்கிரேவ் அலுவலகத்தில் இரட்டைத் திரைக் கணினிமுன் வீற்றிருந்து மென்பொருட் பிழைகளை வேரறுக்கும் வேங்கை. பத்துக் கிலோ பொன்னியரிசி மூட்டையை ஒற்றைத் தோளில் ஏற்றுவோன். விக்டோரியா மாநில ஓட்டுநர் உரிமத்தை மூன்றாம் படையெடுப்பில் வென்றோன். அலுவலகத்தில் பகுத்தறிவும் வீட்டில் பஞ்சாங்கமும் பேசும் இருநாச் செல்வன். அவன் புகழ் பாடப் புகுந்தோம். காரின் பின்னே எலுமிச்சம்பழ அளவில் துருத்திக்கொண்டு, ஒன்றரை டன் கேரவனைத் தன் ஒற்றைத் தலையால் இழுக்கும் இரும்புக் குண்டே, இக்கதை முடியும்வரை நீ கழன்றுகொள்ளாமல் காப்பாயாக.

இப்போர் எழுந்த காரணத்தைச் சொல்கிறோம். முரளிதரனின் மனையரசி லக்ஷ்மிப்ரியா, அக்ஷரா எனும் இளவரசியை ஈன்ற நாள்முதல் எட்டு மாதமாக ஓர் இரவுகூட வீட்டுக்கு வெளியே தூங்கியதில்லை. வீட்டுக்குள்ளும் தூங்கியதில்லை என்பது தனிக்கதை. "இந்த நாலு சுவத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது" என்று ஒருநாள் அவள் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் நின்ற முரளிதரன் அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு, காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடாகிய பழைய கேரவன் ஒன்றை வாங்கி, இன்வர்லாக் கடற்கரையில் இரண்டு நாளைக்கு இடமும் பதிந்து, வருகிற சனிக்கிழமை உன்னைக் கடலோசையில் தூங்கவைப்பேன் என்று சூளுரைத்தான். அந்தச் சூளுரை பொய்த்தால் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் அவனுக்குப் பயம்.

சனிக்கிழமைக்கு ஒரு சங்கடம் உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கிய நாள்காட்டி, ஒன்பது முதல் பத்தரைவரை ராகு காலம் என்றது. மெல்போர்னின் கோடைச் சூரியனைக் கணக்கிட்ட கைப்பேசியோ, ஒன்பதே முக்கால் முதல் பதினொன்றரைவரை என்றது. ஊர் ராகுவா, உள்ளூர் ராகுவா என்று மூன்று நாள் ஆராய்ந்த மாவீரன், எந்த ராகுவையும் பகைத்துக்கொள்ள மனமின்றி, ஒன்பது தொடங்கிப் பதினொன்றரைவரை முழுவதையும் விலக்கினான். ஆகவே ஒன்பதுக்குள் வாசலைக் கடந்தாக வேண்டும்.

விடியல் ஐந்தரைக்கே படை திரண்டது. மடக்குத் தொட்டில் ஒன்று, தள்ளுவண்டி ஒன்று, பால்புட்டிகள் ஆறு, அவற்றைக் கொதிநீராட்டும் யந்திரம் ஒன்று, அறுபத்து நான்கு டயப்பர், ராகிக் கஞ்சி மாவு, கிரைப் வாட்டர், கொசுவலை, கொசுவலைக்குள் கொசு புகுந்தால் அடிக்க ஒரு மட்டை, பெரியோர் இருவர் பொருட்டு ஒரு குக்கரும் ஒரு வாளி இட்லிமாவும் என்று அணி அணியாய்ப் புறப்பட்ட அப்பெருஞ்சேனை, கேரவன் வயிற்றை நிரப்பி, காரின் பின்னிருக்கையை வளைத்து, லக்ஷ்மிப்ரியா கால் வைக்கவேண்டிய இடத்தையும் கைப்பற்றியது. சக்கரங்களுக்கு அடியில் காருக்கு நான்கு, கேரவனுக்கு இரண்டு என எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. ஓடும்போது தரையைத் தொடாத முன்பக்கக் குட்டிச் சக்கரம் மனம் வருந்தக்கூடாதென்று அதற்கும் ஒரு பழம் காட்டினான். கேரவனை விற்றவரே அதைப் பின்புறமாகத் தள்ளி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்ததால், ரிவர்ஸ் எனும் மகாயுத்தம் இக்காவியத்தில் இடம்பெறவில்லை. அதை எழுதும் துணிவும் நமக்கில்லை.

மணி ஏழே முக்கால். குழந்தையை இருக்கையில் இருத்தி வார் பூட்டிய அக்கணமே, அக்ஷரா முதல் அம்பை எய்தாள். டயப்பர் அணை உடைந்து, வெள்ளம் முதுகுவரை ஏறியது. குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, எட்டேகாலுக்கு மறுபடி பூட்டினார்கள். இருமியது இளங்குருத்து. உண்ட ராகிக் கஞ்சியின் ஒரு பங்கு ஆடையிலும், ஒரு பங்கு இருக்கையிலும், எஞ்சியது தந்தையின் சட்டைப்பையிலும் பாய்ந்து தேங்க, இருவர் ஆடையும் இருக்கையின் உறையும் மாறின. எட்டே முக்காலுக்கு மூன்றாம் முறை பூட்டியபோது, பெருவயிறு கொண்ட பீரங்கியை ஒத்த அச்சிறுவாய் திறந்து, தெருமுனைவரை கேட்க முழங்கியது. பசி. பால் கொடுத்துக் கிளம்ப அரைமணி ஆகும் என்று லக்ஷ்மிப்ரியா அறிவித்தாள்.

என் செய்வான் முரளிதரன்? ஒரு கண் கடிகாரத்திலும் மறு கண் கேரவனிலும் நிற்க, அழுவதா அலறுவதா என்று அறியாமல் திகைத்த அவ்வேளையில், பள்ளியில் தமிழாசிரியர் சொன்னதொன்று நினைவில் மின்னியது. பண்டை வேந்தர், குறித்த நல்வேளையில் தாம் புறப்பட இயலாவிடில், தம் குடையையோ வாளையோ முன்னே அனுப்பிவைப்பர். குடை போனால் மன்னன் போனது போலவே. குடை போகலாமென்றால் குடித்தனமே போகலாகாதா?

"வண்டி வாசலைத் தாண்டிட்டா நாம கிளம்பின மாதிரிதான்" என்று முழங்கினான்.

"என்னவோ பண்ணுங்க" என்றாள் தேவி.

எட்டு ஐம்பத்தெட்டு. சாவி திரும்பியது, எஞ்சின் உறுமியது, ஆறு பழங்களும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சட்னியாயின, தபால்பெட்டி எனும் ஒற்றைக்கால் பூதத்தை இரண்டு விரற்கடையில் தப்பி, நடைபாதை விளிம்பில் ஒருமுறை துள்ளி, இட்லிமாவு வாளி உள்ளே எங்கோ உருண்டு விழும் பேரோசையோடு, கேரவன் தெருவில் இறங்கிப் பன்னிரண்டு அடி சென்று நின்றது. புறப்பாடு நிகழ்ந்துவிட்டது. கிளம்பியவர் மீண்டும் வீட்டுக்குள் நுழைவது ஆகாது என்பதால், முரளிதரன் ஓடிவந்து கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். பிள்ளையும் கையுமாய் வெளியே நின்ற லக்ஷ்மிப்ரியா, பால் கொடுக்க வேறு இடமின்றிக் கேரவனுக்குள் ஏறினாள்.

ஒன்பதரைக்கு உள்ளே சத்தமில்லை. கதவை அரை அடி திறந்து எட்டிப் பார்த்தான். அக்ஷரா தொட்டிலில், போரில் வென்றவள்போல் கைகளை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலில், பிளாஸ்டிக் உறைகூட உரிக்காத மெத்தைமேல், ஒரு காலில் செருப்போடு லக்ஷ்மிப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து எழுந்து கறுத்த கண்ணிமைகள் அசையவேயில்லை; வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் வருடத்தில் அவள் இப்படித்தான் தூங்குவாள் என்பது அவனுக்கு நினைவு வந்தது. ஓசை எழாமல் கதவை மூடினான்.

அதன்பின் தொடங்கியது காவற்போர். கேரவன் வாசலில் மடக்கு நாற்காலியிட்டு அமர்ந்த வீரன், கூரைமேல் இறங்கிய மேக்பை பறவையைக் கைத்துண்டால் விரட்டினான். பொட்டலம் கொண்டுவந்தவரைத் தெருமுனையிலேயே மறித்து மௌனமாய்க் கையொப்பமிட்டான். குரைக்க நினைத்த நாயொன்றை, நாயே வெட்கித் தலைகுனியும்படி உற்று நோக்கினான். அப்போது எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பிரஷாந்தன், இடியென முழங்கிச் சருகு ஊதும் யந்திரத்தைத் தோளில் மாட்டி, அதை முடுக்கும் உயிர்க்கயிற்றில் கை வைத்தபடி தோன்றினார். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு, வெறுங்காலோடு, தார் சுடச்சுடத் தெருவைக் கடந்து பாய்ந்தான் முரளிதரன்.

"என்ன தம்பி, இன்னும் வெளிக்கிடேல்லையோ?" என்றார் அவர்.

தாயும் பிள்ளையும் உள்ளே தூங்குவதை அவர் காதோடு சொன்னான். அவர் கேரவனைப் பார்த்தார், இவன் காலைப் பார்த்தார், யந்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "ஓம், ஓம், நான் பின்னேரம் ஊதுறன்" என்று உள்ளே போனார்.

பதினொன்றரை ஆயிற்று. ஊர் ராகுவும் உள்ளூர் ராகுவும் ஒருங்கே விலகின. வானம் தெளிந்தது, சாலை திறந்தது, இன்வர்லாக் கடல் அழைத்தது. முரளிதரன் எழுந்தான். கேரவன் கதவைத் தட்டக் கை ஓங்கினான். ஒன்றரைக்கு எமகண்டம் பிறக்கும். இடையில் இருப்பது இரண்டே மணி நேர நல்ல வேளை. மூன்று நாள் ஆராய்ந்து கண்ட வேளை. ஓங்கிய கை வானிலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கிச் சட்டைப்பைக்குள் போயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தையும், நாற்காலியில் வெயிலோடு வெயிலாக உட்கார்ந்து, தெரிந்தே வீணாக்கினான்.

ஒன்றே முக்காலுக்கு, எமகண்டம் தன் முழு வீரியத்தில் தெருவை ஆண்டுகொண்டிருக்கையில், கோட்டைக்கதவம் நிகர்த்த அக்கேரவன் கதவம் முனகித் திறக்க, மெத்தை உறையின் மடிப்புகள் கன்னமெங்கும் விழுப்புண்ணாய்ப் பதிந்திருக்க, கலைந்த கூந்தலும் கூசிய கண்களுமாய், தன் வீட்டுத் தபால்பெட்டியையே அறியாத பெருந்துயிலிலிருந்து மீண்டு வெளியே தலைநீட்டிய லக்ஷ்மிப்ரியா, "வந்துட்டோமா?" என்று வினவ, சூளுரைத்த நாவும், ராகுவைக் கணித்த நெஞ்சும், தார்ச்சாலையில் கொப்பளித்த பாதமும் ஒருசேரச் சரணடைய, "இல்ல, இன்னும் கிளம்பவே இல்ல" என்று உண்மையைச் சாற்றினான் கிரான்பர்ன் காவலன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.