தொட்டிலுக்கு நாலே ஸ்க்ரூ

அன்று காலை முதுகு வலிக்கவில்லை.

இதன் அருமை வலியோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி என் மனைவி, இன்னொருத்தி முதுகுவலி. அவள் படுக்க விடமாட்டாள், இவள் எழுந்திருக்க விடமாட்டாள்.

"இன்னைக்கே ஒரே மூச்சில் பெட்டியில் வந்த மரத்தொட்டிலைப் பூட்டி முடிக்கிறேன்!" என்று மனசுக்குள் சபதம் போட்டேன். மறுநாள் மகள் பேத்தியோடு வருகிறாள். போன தடவை அவள் வருகிறாளென்று வீடு முழுக்க ஒரே நாளில் ஒட்டடை அடித்தேன். அப்புறம் பலகையாய்ப் படுத்துவிட்டேன். எல்லாரும் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சினார்கள், நான் படுத்தபடியே டாட்டா காட்டினேன். அவள் போனதும் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்.

அதிலிருந்து பிசியோதெரபி அம்மா சொன்னதுதான் வீட்டில் சட்டம். கொஞ்சம் வேலை, கொஞ்சம் ஓய்வு. வலி வந்து நிறுத்துமுன் நாமே நிறுத்திவிட வேண்டும். சட்டத்தின் காவலர் என் மனைவியின் சமையலறை அலாரம். கிர்ர்ர் என்றால் உட்கார வேண்டும், மறுபடி கிர்ர்ர் என்றால் எழுந்திருக்கலாம்.

"உன் தங்கச்சி உன்னைப் பாக்கணும்னு சொன்னாளே, போயிட்டு வாயேன்" என்றேன்.

"போறேன். அலாரத்துக்கு மரியாதை குடுப்பீங்களா?"

"தெய்வமா நினைப்பேன்!"

"நல்ல நாள்ல ஆடினா நாலு நாள் படுக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்ன பேச்சு கேக்கும்."

அவள் அவ்வளவு சுலபமாகக் கிளம்பியபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். தலை மறைந்ததும் அலாரத்தை அரிசி டப்பாவில் போட்டு மூடினேன். தொட்டில் பெட்டியைப் பிரித்தேன். கால் இருந்தது, பலகை இருந்தது, கம்பி இருந்தது. ஸ்க்ரூ மட்டும் நாலே நாலு!

நாலையும் முடுக்கினேன். ஒரு கால்தான் நின்றது. வீட்டையே புரட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்போது வாசலில் எதிர்வீட்டுக்காரர் குரல் கேட்டது. தபால்காரராக இருந்து ரிட்டயர் ஆனவர். பித்தப்பையை எடுத்த கதையை ஊர் முழுக்கப் பட்டுவாடா செய்வதால், தெருவில் அவருக்குப் பெயரே 'ஆபரேஷன்'.

"என்ன சார், நாலும் தீர்ந்துச்சா? அடுத்த நாலு என்கிட்ட இருக்கு, வாங்க."

"உங்ககிட்ட எப்படி?"

"உங்க வீட்டம்மா குடுத்துட்டுப் போனாங்க. நீங்க உக்காந்து காபி குடிச்சு, கதை கேட்டாத்தான் தரணுமாம்."

"என்ன கதை?"

"அதான், என்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிப் போட்டாங்களா..."

அடிப்பாவி! அவர் வீட்டு நாற்காலியில் என் முதுகுக்குத் தலையணைகூட வைத்திருந்தார். காபியை ஒரே மடக்கில் குடித்து எழுந்தேன்.

"உக்காருங்க சார், இன்னும் மயக்க மருந்தே குடுக்கலை!"

நாலு ஸ்க்ரூ, கொஞ்சம் பித்தப்பை. மறுபடி நாலு ஸ்க்ரூ, மறுபடி பித்தப்பை. சாயங்காலம் தொட்டில் ஜம்மென்று நாலு காலில் நின்றது. அவருக்கும் தையல் பிரித்தாயிற்று.

மனைவி வந்தாள். "முதுகு எப்படி இருக்கு?"

"வலிக்கலை."

"வேற?"

"காதுதான் வலிக்குது."

நேரே போய் அரிசி டப்பாவைத் திறந்தாள். அலாரத்தைத் துடைத்து மேடையில் வைத்தாள்.

மறுநாள் பேத்தி வந்தாள். இந்த இரண்டு கையாலும் நான்தான் முதலில் தூக்கினேன்! என் மூக்கைப் பிடித்து இழுத்துக் கெக்கே என்று சிரித்தாள்.

கிர்ர்ர்!

"குடுங்க இப்படி" என்று மனைவி கையை நீட்டினாள்.

"இப்பதானே தூக்கினேன்? வலிக்கவே இல்லையே!"

"வலிக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும். அதானே சட்டம்?"

பேத்தி கை மாறினாள். நான் சமத்தாக உட்கார்ந்து அடுத்த கிர்ர்ருக்காகக் காத்திருந்தேன். பாட்டியும் பேத்தியும் கொஞ்சிக்கொண்டே இருந்தார்கள். நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"என்னம்மா, அலாரம் இன்னும் அடிக்கலையே?" என்று மகளைக் கேட்டேன்.

"அதை அம்மா அப்பவே அரிசி டப்பாவுல போட்டு மூடிட்டாங்களேப்பா!"