பனமலை ஏரியில் நாற்பது பூநாரைகள்

வேன் வந்து நின்ற சத்தம் அரங்கநாதனுக்கு நன்றாகக் கேட்டது. வேனின் நிறம்தான் சரியாகத் தெரியவில்லை. வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். திண்டிவனம் ஓய்வூதியர் சங்கத்து ஆட்கள் வெள்ளை வேனில் வருவதாகத்தான் பேச்சு.

"பன்னெண்டு பேருதானே?"

"ஆமா சார், பன்னெண்டு டிக்கெட்டு. எறக்கி உட்டுட்டேன், இனிமே உங்க பொறுப்பு. நான் ஒரு டீ அடிச்சிட்டு வர்றேன்" என்று டிரைவர் நழுவினார்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு என்று பனமலைப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றிருந்தார் அரங்கநாதன். பின்னால் சுவரில் ஏதோ பேனர் கட்டியிருந்தார்கள். கிட்டப் போனால் படித்திருக்கலாம். போகவில்லை.

விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு வருஷமாக ஐப்பசி பிறந்தால் ஏரிக்கரையில் பறவை காட்டுவது அவர்தான். மனைவி போன பிறகு வருஷம் முழுக்க அவர் காத்திருப்பதே இந்த ஒரு காலைக்காகத்தான். ஆடியிலிருந்து இரண்டு கண்ணிலும் புரை. யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் பறவைக் குழுவினர் மரியாதையாகச் சால்வை போர்த்திவிட்டு, குழுவில் இருக்கும் இளைஞன் பிரவீன்குமாரைப் பறவை காட்டச் சொல்லிவிடுவார்கள். ஆபரேஷன் செய்துகொள்ளலாம்தான். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற பயத்தில் மனுஷன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

கூட்டத்தோடு ஏரிக்கரை ஏறியதும் முதல் சோதனை வந்தது. கருவேல மரத்தின் மேல் கறுப்பாக ஒரு தீற்றல்.

"அதோ பாருங்க, நீர்க்காகம். தெரியுதா?"

"தெரியுது சார்!" என்றார்கள் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில்.

"றெக்கைய விரிச்சிக்கினு குந்திக்கினு இருக்குது சார். பளிச்சினு தெரியுது" என்றார் முன்னால் நின்ற கோவிந்தம்மாள்.

அப்பாடா! அரங்கநாதனுக்கு உயிர் வந்தது. நோட்டில் எழுதிக்கொண்டு பைனாகுலரை நீட்டினார். "இதுல பாருங்கம்மா. இன்னும் தெளிவா இருக்கும்."

கோவிந்தம்மாள் அதைத் தொடவே இல்லை. "அது எதுக்கு சார்? வெறுங்கண்ணுக்கே தெளிவாத்தான் இருக்குது."

"அந்தக் கரையில எறும்பு போறது கூட எனக்குத் தெரியுது சார். எம்பேரு மண்ணாங்கட்டி, அதையும் எழுதிக்குங்க" என்றார் தலைப்பாகைக்காரர் ஒருவர்.

இப்படி ஒரு கூட்டம் அவருக்கு வாய்த்ததே இல்லை. வழக்கமாக வருகிறவர்கள் சர்க்கரை மாத்திரை பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டு வருவார்கள். இவர்கள் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி கைகட்டி நின்றார்கள். பின்னால் ஒரு அம்மா கண்ணை மூடி வக்கரகாளியம்மனைக்கூட வேண்டிக்கொண்டிருந்தார். பறவைக்கு இவ்வளவு பக்தியா என்று அரங்கநாதன் பூரித்துப்போனார்.

முக்குளிப்பான், மடையான், நத்தைகுத்தி நாரை. அவர் சொன்னதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. தைரியம் வந்துவிட்டது.

ஒன்றரை மணி நேரம் கழிந்தது. எதிர்க்கரையில் வரிசையாக வெள்ளையும் ரோஸுமாக ஏதோ குனிந்து நிமிர்ந்தன. அரங்கநாதனின் வாய் சும்மா இருந்ததா?

"அது பூநாரையா இருக்குமோ?"

"பூநாரையேதான் சார்!"

"எத்தனை இருக்கும்?"

"இருவது" என்றார் ஒருவர். "முப்பது" என்றார் மண்ணாங்கட்டி.

"நாப்பது சார். ஒண்ணு ஒண்ணா எண்ணிட்டேன்" என்று முடித்தார் கோவிந்தம்மாள்.

பனமலையில் பூநாரை! பதினொரு வருஷத்தில் ஒன்றுகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. அரங்கநாதன் உடனே பிரவீன்குமாருக்குப் போன் போட்டார். அவன் நம்பவில்லை. சாட்சிக்கு மண்ணாங்கட்டியிடம் போனைக் கொடுத்தார். "நாப்பதும் தெரியுது சார், கால் நகம் வரைக்கும் தெரியுது" என்று அவர் சத்தியம் பண்ணினார். அரங்கநாதன் அதோடு விட்டாரா? பறவைக் குழுவின் வாட்ஸப்பிலும் பேசிப் போட்டார். வாழ்த்துகள் குவிந்தன. நிருபர் ஒருவர் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

பிரவீன்குமார் பைக்கில் பறந்து வந்து கேமராவைத் தூக்கினான். பிறகு மெதுவாக இறக்கினான்.

"சார், அது நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பளைங்க. சேலை மேல சட்டை போட்டுக்கினு மண்ணு வெட்டிக்கினு இருக்காங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு பூநாரை நிமிர்ந்து, "யம்மா, அந்தத் தண்ணிக் கொடத்த இப்பிடி எடுத்தா!" என்று கத்தியது.

அரங்கநாதன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினொரு வருஷம் ஒரு நொடியில் போய்விட்டது. பிரவீன்குமார் அவர் தோளைத் தொட்டான்.

"வழியிலதான் போன் வந்திச்சு சார். நம்ம வேன் விக்கிரவாண்டியில பஞ்சராகி நிக்குதாம். இவங்கள்லாம் யாரு?"

அரங்கநாதன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "தெரியலைன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

கோவிந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலைன்னா கண்ண அறுத்துடுவீங்கன்னு பயந்துக்கினுதான் கண் முகாமுக்கு வந்த நாங்க பன்னெண்டு பேரும் ஆமா ஆமான்னோம். டெஸ்ட் பண்ண வந்த டாக்டரு நீங்க, உங்களுக்குமா தெரியலை?"