நீலக்குழிக்கு நான் கட்டிய கயிறு

பள்ளம் என்றால் எனக்குப் பயம். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டேன். கோயில் குளத்தில் மேல்படியிலேயே நின்று, யாராவது மொண்டு கொடுத்தால் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். என் மகள் மல்லிகா ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் திருவண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. எல்லாப் பிள்ளைகளும் எரிமலையும் அணைக்கட்டும் செய்தார்கள். அவள் மட்டும் நடுக்கடலில் ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

பெலீஸ் என்ற நாட்டின் கரைக்கு அப்பால், பவழத்திட்டு வளையத்துக்குள் ஆழமில்லாத கடல்; அதன் நடுவே வட்டமாக ஒரு கருநீலக் குழி. ஏதோ ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறாள்.

"நம்ம ராஜகோபுரத்த அப்படியே உள்ள எறக்கினா கலசம்கூட வெளிய தெரியாதுப்பா" என்றாள்.

எனக்கு உள்ளங்கால் கூசியது.

முதல் பரிசு வாங்குகிறவர்களை மதராஸ் கண்காட்சிக்கு அழைத்துப் போவார்கள். மல்லிகா அதுவரை கடலையே பார்த்ததில்லை. (காரணம் நான்தான். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் "அலை இழுத்துட்டுப் போயிடும்" என்று சொல்லித் தட்டிக்கழித்தேன்.) அவள் ராப்பகலாக உழைத்தாள். தெர்மாகோலில் பவழத்திட்டு. நடுவில் வட்டமாக ஓட்டை. அடியில் துணி ஊறவைக்கும் பெரிய தொட்டி. அதில் தண்ணீர் ஊற்றி, வீட்டிலிருந்த சொட்டு நீலம் முழுவதையும் கவிழ்த்தாள். அந்த மாதம் என் வெள்ளைச் சட்டைகள் பழுப்பாகவே ஆபீஸ் போயின.

"அங்க யாரும் பவழத்தத் தொடக்கூடாதுப்பா, பாதுகாக்க வேண்டிய எடம். இதையும் நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு மைதானத்துப் பந்தலில் என்னை நிறுத்தினாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. நான் அரசாங்க ஊழியன். ஒன்றைப் பாதுகாப்பது என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சுற்றிலும் கயிறு, முன்னால் ஒரு போர்டு. அவள் டீச்சரைப் பார்க்கப் போன நேரத்தில் மஞ்சள் கயிறு கட்டினேன். (கடையில் அந்த நிறம்தான் இருந்தது.) 'பாதுகாக்கப்பட்ட இடம். உள்ளே கை வைக்காதீர். செருப்பைக் கழற்றிவிட்டு வலப்பக்கமாகச் செல்லவும்' என்று எழுதி வைத்தேன். செம்மண் ஒட்டக்கூடாது, கூட்டம் முட்டிக்கொள்ளக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பந்தலைக் கண்டதும் உள்ளே புகுந்தார்கள். மஞ்சள் கயிறு, கழற்றிய செருப்புகள், வலமாகப் போகச் சொல்லும் பலகை, நடுவில் நீலத் தண்ணீர். திருவண்ணாமலையில் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இன்னா தீர்த்தங்க இது?" என்று தலையில் துண்டு கட்டிய ஒருவர் கேட்டார்.

"தீர்த்தமில்லீங்க, குழி. நம்ம ராஜகோபுரமே உள்ள போயிடும், அவ்ளோ ஆழம்."

"சிவசிவா!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த அவர் மனைவி, "அப்போ சக்தி ஜாஸ்தியாதான் இருக்கும்" என்றாள்.

சுற்ற ஆரம்பித்தார்கள். சுற்றுகிறவர்களைப் பார்த்து இன்னும் பலர் சேர்ந்தார்கள். ஒருவர் பூவைப் போட்டார். நான் "கை வைக்காதீங்க" என்று கத்த, "கை வெக்கலீங்க, தூரத்துலேர்ந்துதான் போட்டேன்" என்றார். அந்த அம்மாள் கயிற்றுக்குள் குனிந்து, பவழத்திட்டின் விளிம்பில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்திவிட்டாள்.

கற்பூரத்துக்குத் தெர்மாகோல் எம்மாத்திரம்? திட்டு உருகி, வளைந்து, பொத்தென்று குழிக்குள் சரிந்தது. கற்பூரம் மட்டும் அணையாமல் நீலக்கடலில் மிதந்து எரிந்தது. கூட்டம் புல்லரித்து "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றது.

நான் பாய்ந்தேன். நான் கட்டிய கயிறே என் காலைத் தட்டியது. பள்ளத்தைக் கண்டு பத்தடி தள்ளி நிற்கிறவன், தலைகுப்புறத் தொட்டிக்குள் போனேன். எழுந்தபோது முகம், கழுத்து, சட்டை எல்லாம் நீலம். மறுபடியும் அரோகரா. இந்த முறை எனக்கு.

சரியாக அந்த நேரத்தில் நடுவர் வந்து நின்றார். அவர் பின்னால் மல்லிகா. அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நெஜத்துலயும் இப்படித்தான் சார் ஆச்சு. கடல்மட்டம் கம்மியா இருந்தப்ப அது சுண்ணாம்புக்கல் குகை. அப்புறம் கூரை இடிஞ்சி விழுந்துச்சு, கடல் ஏறி நெரம்பிடுச்சு."

நடுவர் தலையாட்டினார். என்னைக் காட்டி, "இவரு?" என்றார்.

"எங்கப்பா சார். பாதுகாப்புக்கு."

"விளக்கமெல்லாம் நல்லாருக்கும்மா. ஆனா பாதுகாக்க வந்தவருகிட்டேர்ந்து இத யாரு பாதுகாக்கிறது?"

இரண்டாம் பரிசு கிடைத்தது. அதாவது ஒரு சோப்பு டப்பா. மதராஸ் போனது ஓர் எரிமலை.

மல்லிகா சோப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "மூஞ்சி கழுவுங்கப்பா" என்றாள், அவ்வளவுதான். நீலம் போவதற்குள் நான் முடிவெடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு மகாபலிபுரம் பஸ் ஏறினோம். அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காய்ந்த மணலில் நின்றபடி, "போதும், போதும், பின்னால வா, அலை வருது!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

திரும்பி வந்தாள். ஈரப் பாவாடையோடு, கைகூப்பி, என்னை வலமாக ஒரு சுற்றுச் சுற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மனைவி மணலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

மல்லிகா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பஸ்ஸில் படிக்கட்டில் நிற்காதே, மழையில் நனையாதே என்று நான் வாயைத் திறந்தால் போதும். எழுந்து வந்து ஒரு சுற்று. நேற்று அவளுடைய சிநேகிதிகளும் சேர்ந்து சுற்றினார்கள். அதில் ஒருத்தி செருப்பைக்கூடக் கழற்றிவிட்டாள்.