காரப்பொடியும் கலப்படமில்லாத கீரையும்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள மருந்தடிச்ச கடைக் கீரை காலெடுத்து வைக்கக் கூடாது!"

சபதம் போட்டவர் என் கணவர் சவுரிராயன். ரிடையரான மனுஷன் சபதம் போட்டால் வேலை பெண்டாட்டிக்கு. போன தடவை தியானம் என்றார்; மூன்று மாதம் நான் மிக்ஸி போடவில்லை.

மாடியில் தொட்டி வந்தது. தொழு உரம் வந்தது. சிறுகீரையும் முளைத்தது. வெளுத்துப்போய், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது மாதிரி நின்றது.

"மீன் அமிலம் ஊத்தணுமாம். மாடித்தோட்ட குரூப்ல சொல்றாங்க. மீன் குடலும் வெல்லமும் சரிக்குச் சரி போட்டு மூடி வெக்கணும். இனிமே குடலக் கீழ கொட்டாத. அது என் சொத்து!"

எனக்குள் மணி அடித்தது. ஞாயிறு பூசை முடிந்தால் இவருக்குக் காரப்பொடி மீன் குழம்பு வேண்டும். மரக்காணத்திலிருந்து வரும் மீன்காரி பவுனுவிடம் ஒரு கிலோ வாங்கிவந்து போடுவார். மீன் விரல் நீளம்கூட இருக்காது. தலையோ, திருவிழாக் கூட்டம்! அவர் பேப்பரோடு உட்காருவார், நான் அருவாமனையோடு. கல்யாணமான நாளாய் என் ஞாயிற்றுக்கிழமைகள் செதில் செதிலாகத்தான் போயின.

"தாராளமா எடுத்துக்குங்க. ஆனா நான் ஆய்ஞ்சா அது ஆர்கானிக் ஆவாதே."

"ஏன்?"

"கையப் பாருங்க. காலைலேர்ந்து பாத்திரம் தேய்ச்சிக்கினு இருக்கேன். சோப்பு. அதுக்கு மேல க்ரீம். அத்தினியும் கெமிக்கல். நாளைக்கு குரூப்ல எவனாவது கேட்டா?"

கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்த பயபக்தி முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அருவாமனை கை மாறியது. முதல் ஞாயிறு குழம்பு சாயங்காலம்தான் கொதித்தது. போகட்டும், நான் பேப்பரை வரி விளம்பரம் வரை படித்தேன்.

மீன் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து தெளிக்கத் தெளிக்க, கீரை கரும்பச்சையில் தளதளவென்று எழுந்தது. 'முழுக்க முழுக்க என் கையால்' என்று குரூப்பில் படம் போட்டார். திண்டிவனமே கை தட்டியது. விழுப்புரம் கீரைக் கண்காட்சியில் பொன்னாடை போடுகிறோம் என்று அழைப்பும் வந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

பக்கத்து வீட்டுத் தென்னரசுக்குத்தான் பொறுக்கவில்லை. கெமிஸ்ட்ரி வாத்தியார். இவர் மீன் ஆயும் காரணத்தைக் கேட்டுவிட்டு மதில் மேல் தலையை நீட்டினார்.

"சோப்புக் கையத் தண்ணியில அலம்பிட்டா போதும் சார். ஒண்ணும் ஆவாது."

பாழாய்ப்போன கெமிஸ்ட்ரி!

"கேட்டுக்கினியா?" என்று அருவாமனையை என் பக்கம் நகர்த்திவிட்டு, பேப்பரைப் பிரித்தார் என் துரை.

என் ஞாயிற்றுக்கிழமை போச்சு. உட்கார்ந்தேன். முதல் மீனைக் கையில் எடுத்தேன்.

"சரிங்க. போன்ல மட்டும் மாத்திடுங்க."

"என்னாத்த?"

"'முழுக்க என் கையால்'னு போட்டிருக்கீங்களே, அத. இனிமே 'என் மனைவி அமலா கையால்'னு போடுங்க. விழுப்புரத்துக்கு நானும் வர்றேன். பட்டுப்பொடவைய அயர்னுக்குக் குடுக்கணும்."

பேப்பர் இறங்கியது.

"நீ எதுக்கு? பொன்னாடை ஒண்ணுதான் குடுப்பாங்க."

"ஒண்ணு போதுங்க. எனக்குப் போடட்டும். நீங்க கீழ உக்காந்து போட்டோ புடிங்க."

பேப்பர் மடங்கியது.

"எழுந்திரு, எழுந்திரு! உனக்குக் குடல முழுசா எடுக்கவே தெரியல. குடு இப்டி!"

பொன்னாடை அவருக்கே கிடைத்தது. ஞாயிறுதோறும் காரப்பொடி ஆயும்போது, வேட்டியில் செதில் தெறிக்காமல் இருக்க அதைத்தான் மடியில் விரித்துக்கொள்கிறார்.