வேட்பாளர் வருகிறார், நகை பத்திரம்

பழக்கதோஷம் உள்ளவன் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம், மைக்கைக் கொடுக்கக் கூடாது. ஒரு மனிதரின் தேர்தலையே கவிழ்க்கப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்தோம். திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஓசூரில் புரோட்டா மாவு பிசைந்தேன். எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சமயபுரம் திருவிழாவில் அன்னதானம் கிடைக்கும் என்று வந்து ஒரு கடை ஓரத்தில் படுத்திருந்தபோது யாரோ காலை மிதித்தார்கள். நான் போட்ட சத்தத்தில் நாலு கடை தள்ளித் தூங்கியவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். மிதித்தவர் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

“இவ்வளவு சத்தத்தை உள்ள வச்சுக்கிட்டுத் தூங்குறியா? வா என்கூட.”

அடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். மைக்கைக் கொடுத்தார். அறிவிப்பு சொல்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். அந்த வருடமும் அடுத்த மூன்று வருடமும் திருவிழா நாட்களில் அதுதான் என் வேலை. “பக்தர்களின் கனிவான கவனத்திற்கு. கூட்டத்தில் திருடர்கள் நடமாட்டம் உள்ளது. நகைகளையும் குழந்தைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.” ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லியிருப்பேன். (தூக்கத்திலும் சொன்னதாகப் பக்கத்தில் படுத்தவர்கள் புகார் செய்தார்கள்.)

பிறகு அந்த இன்ஸ்பெக்டர் ஐயா போலீஸ் வேலையை விட்டுவிட்டுக் கட்சியில் சேர்ந்தார். சீட்டும் கிடைத்தது. என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: “பிரசார ஆட்டோ மைக் உனக்கு. நான் ஜெயிச்சா ஆபீஸ்ல நிரந்தரமா ஒரு வேலை. ஊர் சுத்துனது போதும்டா.”

எனக்கும் அது தேவைப்பட்டது. லால்குடி பக்கம் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மாப்பிள்ளைக்கு நிலையா ஒரு வேலை இருக்கா?”

ஐயாவுக்கு வேறு கஷ்டம். உடம்பில் காக்கி இல்லை, வாயில் இருந்தது. கடைவீதியில் ஒரு கடைக்காரரிடம் ஓட்டுக் கேட்கப் போய், “பேரு என்ன? இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?” என்றார். அவர் கைகூப்பி, “வண்டி இன்சூரன்ஸை நாளைக்கே கட்டிடுறேங்க” என்றார். வட்டச் செயலாளர் முருகானந்தம் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயா, கொஞ்சம் சிரிங்க. இது விசாரணை இல்லைங்க.”

அப்புறம் ஸ்ரீரங்கம். காலை ஒன்பது மணி, சித்திரை வீதி. முன்னால் தப்பாட்டம், பின்னால் திறந்த ஜீப், சுற்றிலும் நல்ல கூட்டம். ஜீப்பில் ஐயா இடுப்பில் கை வைத்து நின்றார். திருவிழா பந்தோபஸ்தில் நிற்பாரே, அதே நிற்பு. அதைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

“இதோ வந்துகொண்டிருக்கிறார் நம் வெற்றி வேட்பாளர்! கூட்டத்தில் திருடர்கள் நடமாட்டம் உள்ளது. நகைகளையும் குழந்தைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!”

தப்பாட்டம் நின்றது. ஒரு வாசலிலிருந்து ஒரு மாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “சங்கிலியை உள்ள விட்டுக்கோடி, வோட்டுக் கேக்க வரா!”

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்த அறிவிப்பைக் கேட்டு முப்பது வருடம் பழகியவர் ஐயா. கண்கள் கூட்டத்தை அளந்தன. ஒருவன் இன்னொருவர் சட்டைப் பையில் கை விடுவது தெரிந்தது. ஜீப்பிலிருந்து ஒரே தாவல், காலரைப் பிடித்து, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிவிட்டார்.

முறுக்கப்பட்டவர் முருகானந்தம். பாவம், நோட்டீஸை மடித்து ஒரு வாக்காளர் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார்.

ஐயா பதறிப்போய் மைக்கைப் பிடுங்கினார். “மக்களே, இவர் திருடன் இல்லை. எங்க கட்சிக்காரர்.”

“ரெண்டும் வேற வேறயா சார்?” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

வீதியே சிரித்தது. முருகானந்தம் கையை உதறிக்கொண்டு, “நாளைலேர்ந்து பூத்துல நீங்களே உக்காந்துக்குங்க” என்று போய்விட்டார். அதற்குள் பத்து போனில் வீடியோ ஏறிவிட்டது. என் வேலை, கல்யாணம் இரண்டும் காவிரியோடு போயின என்று முடிவு செய்து, பையை எடுத்துக்கொண்டு அம்மா மண்டபம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். கிளம்பிப் போவதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த தொழில்.

போன் அடித்தது. “எங்கடா இருக்கே? தலைமறைவானவன் எவனையாவது நான் விட்டிருக்கேனா? திரும்பி வா. மைக்கைத் தொடாதே, கொடி கட்டு.”

மறுநாள் அந்த வீடியோவை யாரோ ‘சொந்தக் கட்சிக்காரன் ஆனாலும் விடமாட்டார்’ என்று தலைப்புப் போட்டுச் சுற்றவிட்டார்கள். சமயபுரத்திலிருந்து கைலாசபுரம் வரை பார்த்தார்கள். டீக்கடையில் முருகானந்தத்தை ஆட்கள் தேடி வந்து செல்ஃபி எடுத்ததும் அவர் கோபம் தணிந்தது. சாயங்காலம் கையில் கட்டோடு ஜீப்பில் ஏறி நின்றார். (கை அவ்வளவு வலிக்கவில்லை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.) ஐயா ஜெயித்தார்.

எனக்கு எம்.எல்.ஏ. ஆபீஸில் வேலை கிடைத்தது. மனு வாங்கி வைப்பது, வாயைத் திறக்காத வேலை. கல்யாணமும் நடந்தது. போன வருடம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். பெயர் வைக்கிற அன்று, குழந்தையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்ல நான் குனிந்தேன். என் மாமியார் வெடுக்கென்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

“நீங்க வேணாம் மாப்ள. மச்சான் சொல்லட்டும். பொறந்து பதினாறு நாள்தான் ஆகுது, பிள்ளை பயந்துடும்.”

மச்சான்தான் சொன்னான். நான் பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்.