மொட்டைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி

வெர்னியர் அளவியின் வாலிலிருந்து நீளும் மெல்லிய கம்பியை டயரின் பள்ளத்துக்குள் விடத்தான் மணிமொழி குனிந்தாள். விடுவதற்குப் பள்ளம் இல்லை.

இடது பின்டயர், 0.4 மில்லிமீட்டர். குறைந்தது 1.6 இருக்க வேண்டும் என்று படித்திருந்தாள். வலது பின்டயரை அளக்கவே தேவையில்லை. ஓரத்தில் நூல் வெளியே வந்து பல்லிளித்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகும் வேன் அது. மணிமொழி அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பி.எஸ்ஸி. வேதியியல். சிமென்டின் குணத்தைப் பைசா சுத்தமாகச் சொல்லிவிடுவாள். மனிதர்களிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் நாக்கு எழாது. அளவியை ஆய்வுக்கூடத்திலிருந்து கைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்ததே அவள் வாழ்நாளில் செய்த பெரிய துணிச்சல்.

"என்னம்மா தேடுறீங்க?"

டீ கிளாசோடு டிரைவர் வேல்முருகன் பின்னால் நின்றார்.

"க... கம்மல்ண்ணே. கம்மல் விழுந்துடுச்சு."

"அய்யய்யோ, தங்கமா?" என்றவர் வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எல்லாரும் எறங்குங்க! பாப்பா கம்மலத் தொலைச்சிடுச்சு!"

பதினொரு பேர் இறங்கினார்கள். மணிமொழி துப்பட்டாவைச் சரிசெய்வதுபோல் ஒரு காதுக் கம்மலைக் கழற்றி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். ஆலை கேன்டீனில் வேலை பார்க்கும் அமிர்தவல்லி அக்கா வேனுக்கு அடியில் தவழ்ந்தே போய்விட்டார். ஸ்டோர் கிளார்க் கலைவாணன் மட்டும் நின்ற இடத்திலிருந்து தேடினார்.

"இந்த வேன்ல உசுரு மிஞ்சுறதே பெரிசு. கம்மலா மிஞ்சும்?" என்றார். எதையாவது குறை சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

இருபது நிமிடம் கழித்து, அமிர்தவல்லி அக்காவின் முழங்கை தேய்ந்த பிறகு, மணிமொழி கம்மலைக் 'கண்டுபிடித்தாள்'. தாமதமான அந்த இருபது நிமிடத்தை வேல்முருகன் சாலையிலேயே வசூல் செய்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோப்பதுபோல வேனைக் கோத்துக்கொண்டு பறந்தார். மொட்டை டயர்மேல், தொண்ணூறு கிலோமீட்டர் வேகம்.

போன மாதம் இதே சாலையில் ஒரு வேனின் பின்டயர் வெடித்திருந்தது. மூன்று பேர். உடைந்த வேன் இன்னும் சாலையோரம் கிடக்கிறது. அதைக் கடக்கும்போது மட்டும் வேனில் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். வேல்முருகன் ஒரு கையால் கும்பிடுவார். வேகத்தைக் குறைக்க மாட்டார்.

*

"அந்த டயரு மாறணும். இல்லன்னா நீ வேலைய வுட்டுடணும்" என்றாள் அம்மா அம்சவள்ளி.

அரும்பாவூர்ப் பக்கத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் மகளைப் படிக்க வைத்தாள். மகளின் முதல் சம்பளக் கவரை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

"எட்டு மணிக்குள்ள கேட்டுக்குப் போவணும்னா அந்த வேன வுட்டா வேற கதி இல்லம்மா."

"அப்ப டிரைவர்கிட்ட வாயத் தொறந்து கேளு."

"பயமா இருக்கு."

"எங்க சாமிக்கண்ணப் பாரு. போன மாசந்தான் நாலு டயரும் புதுசு. கெளம்புறப்ப ஒரு மொழம் பூ வச்சுட்டுத்தான் வண்டிய எடுப்பாரு. அவரு சகலை ஏன் இப்பிடிக் கெடக்குறாரோ!"

சாமிக்கண்ணுவும் வேல்முருகனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். ஒரே நாளில் ஒரே மாதிரி வேன் வாங்கியவர்கள். சாமிக்கண்ணு டீச்சர்களையும் அம்சவள்ளியையும் அரும்பாவூருக்கு ஏற்றிப் போகிறார். நாற்பதைத் தாண்ட மாட்டார். அம்மாவாவது பத்திரமாகப் போய் வருகிறாள் என்பதுதான் மணிமொழிக்கு ஒரே நிம்மதி.

"சொல்ல முடியலன்னா எழுதிப் போடு" என்றாள் அம்சவள்ளி. "ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி. கை உண்டுல்ல?"

கை இருந்தது. மணிமொழி இடது கையால் எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் 'பொதுமக்களில் ஒருவன்' என்று போட்டாள். 'ஒருவன்' என்று போட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. வண்டி எண், புறப்படும் நேரம், நான்கு டயர்களின் பள்ளம், எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினாள். எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டது: 'பயன்படுத்திய கருவி: வெர்னியர் அளவி. மீச்சிற்றளவு 0.02 மி.மீ.'

*

பத்தாம் நாள் வியாழக்கிழமை, அரியலூருக்குள் நுழையும் இடத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் வேனை மறித்தார். டயர்களைத் தடவிப் பார்த்தார். கடிதத்தைக் காட்டினார். பர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம காலையில நாலு நல்ல டயரோட வண்டி ஆபீசுக்கு வரணும். அதுக்கப்புறமும் பத்து நாளைக்கு ரோட்டுல எங்க வேணா நிறுத்திப் பார்ப்பேன். மறுபடி பழைய டயரு ஏறியிருந்துச்சுன்னா வண்டி உள்ள."

வேல்முருகன் கடிதத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தார். வேனுக்குள் திரும்பி உட்கார்ந்து உரக்கப் படித்தார். கட்டம் கட்டமாக.

"மீச்சிற்றளவுன்னு போட்டிருக்கான். இது யாரோ படிச்ச பயதான். தங்கச்சி, நீங்க சயின்சுதானே? மீச்சிற்றளவுன்னா என்னம்மா?"

மணிமொழி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"தெரியலண்ணே."

"காலேஜ்ல சொல்லித் தரலியா?" என்று அமிர்தவல்லி அக்கா ஆச்சரியப்பட்டார்.

"அன்னிக்கு நான் லீவுக்கா."

பின் சீட்டிலிருந்து கலைவாணன் கனைத்தார். "ஒரு கருவியால அளக்கக்கூடிய ஆகச் சின்ன அளவு. பிளஸ் ஒன்ல வருமேய்யா, இதுகூடத் தெரியாதா?"

வேல்முருகன் மெல்லத் திரும்பினார்.

"ஓ. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"யோவ், நான் எழுதலய்யா!"

"தெனம் இந்த வண்டியத் திட்டுறது யாரு? 'இது வேனா, மோரு கடையுற மத்தா'ன்னு கேட்டது யாரு? எறங்குங்க சார்."

கலைவாணன் இறக்கிவிடப்பட்டார். ஆலை இன்னும் நான்கு கிலோமீட்டர். மணிமொழி வாயைத் திறந்தாள். வேன் கிளம்பிவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கலைவாணன் பழைய மொபெட்டில் வந்தார். முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, டிப்பர் லாரிகளின் சக்கரத்தோடு சக்கரமாக. ஜன்னல் வழியே மணிமொழி பார்த்தாள். சுண்ணாம்புத் தூசியில் தலை வெளுத்து, ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்ததில் மொபெட் மண்ணில் இறங்கித் தள்ளாடி ஏறியது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

அவரைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மீண்டும் இடது கை. மாலை ஆலை வாசலில் வேன் காலியாக நின்றபோது வைப்பருக்கு அடியில் செருகிவைத்தாள்: 'கலைவாணன் ஐயா மிகவும் நல்லவர். கடிதம் அவர் எழுதியது அல்ல. இப்படிக்கு, உண்மை தெரிந்தவன்.'

வேல்முருகன் அதையும் உரக்கப் படித்தார்.

"பாத்தீங்களா? அதே கோணல் கையெழுத்து! தன்னை மிகவும் நல்லவர்னு எழுதிக்க எவன் வருவான்? சம்பந்தப்பட்டவன்தான் வருவான். எனக்குக் கொஞ்சூண்டு சந்தேகம் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

"மனுஷனுக்கு இவ்வளவு தற்பெருமை ஆகாதுப்பா" என்றார் அமிர்தவல்லி அக்கா.

அன்று வெள்ளிக்கிழமை. வேல்முருகனின் தலையும் மழமழவென்று இருந்தது. பகலில் வேனை ஆலையில் நிறுத்திவிட்டு பஸ் பிடித்து சிறுவாச்சூர் போய், மதுரகாளியம்மனுக்கு முடி கொடுத்து வந்திருந்தார்.

"டயரு மொட்டை, கடிதாசி மொட்டை. நான் மட்டும் எதுக்கு முடியோட?" என்று சந்தனம் பூசிய மண்டையைத் தடவினார். வேனில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மூணு தவணை பாக்கி கெடக்கு தங்கச்சி. வண்டி உள்ள போச்சுன்னா நான் நடுத்தெருவுலதான். அந்த ஆத்தாதான் வழி காட்டணும்."

மணிமொழி அன்று வீட்டுக்குப் போய் அழுதாள்.

"சொல்லிடட்டுமாம்மா?"

"சொல்லி? அவன் ஒன்ன எறக்கிவுடுவான். டயரு மொதல்ல மாறட்டும்டி. உசுரவிட ஒரு கிளார்க்கோட கோவம் பெரிசா?"

*

ஆத்தா வழி காட்டினாள். திங்கட்கிழமை வேன் ஆய்வில் தேறியது.

அன்று சாயங்காலம் அம்சவள்ளி வீடு வந்து சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதம். "சாமிக்கண்ணு இன்னிக்கு மாட்டுவண்டியாட்டம் உருட்டிக்கிட்டே வந்தாரு. ஏன்னு கேட்டா, அவசரம் ஆவாதுக்கான்னுட்டாரு. மனுஷன்னா அவரு மனுஷன்!" என்றாள். மகளின் வேன் தேறிய செய்தி கேட்டு, சாமி படத்துக்குக் கற்பூரம் கொளுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோதே வானம் இருட்டிக்கொண்டு கிடந்தது. அம்சவள்ளி குடையோடு முதலில் கிளம்பினாள். மணிமொழி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, வேனின் முன் சீட்டில் கலைவாணன் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் நன்மைக்கே தங்கச்சி" என்றார் வேல்முருகன். சவரம் செய்த தலைபோலவே முகமும் பளபளத்தது. "சார் மட்டும் எழுதலன்னா எனக்குப் புத்தி வந்திருக்குமா? அதான் கூப்பிட்டு முன்னாடி உக்கார வச்சுட்டேன்."

கலைவாணன் ஒரு விநாடி யோசித்தார். முன் சீட்டைத் தடவிப் பார்த்தார். மொபெட்டை நினைத்திருக்க வேண்டும்.

"ஆமாய்யா. நாலு பேரு நல்லா இருக்கட்டும்னுதான் எழுதினேன்" என்றார்.

"அந்த ரெண்டாவது கடிதாசி?" என்று கேட்டார் அமிர்தவல்லி அக்கா.

"அதுவும்தான்."

மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. பல நாள் கழித்து வந்த சிரிப்பு. பேர் போனால் போகட்டும். டயர் மாறிவிட்டது, வேலை மிஞ்சியது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இனி யாரைப் பற்றியும் எழுத வேண்டாம்.

ஊர் எல்லையில் பிச்சைமுத்துவின் பஞ்சர் கடையில் காற்று பார்க்க வேன் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. அரும்பாவூர்த் திசையில் பச்சைமலை தெரியவே இல்லை. அங்கே இங்கேயைவிடக் கனத்த மழை போலிருந்தது.

மணிமொழி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இம்முறை ஒளிக்காமல் கைப்பையிலிருந்து அளவியை எடுத்தாள். கம்பி பள்ளத்துக்குள் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. 7.6 மில்லிமீட்டர். ரப்பர் வாசம்கூட இன்னும் போகவில்லை. டயரின் பக்கவாட்டில் காய்ந்த பூ இதழ் ஒன்று ஒட்டியிருந்தது.

இத்தனை மாதத்தில் முதல்முறையாக, யாரும் கேட்காமலே அவள் வாயைத் திறந்து ஒரு மனிதரிடம் பேசினாள்.

"நல்ல டயருண்ணே. எங்க வாங்குனது?"

பிச்சைமுத்து காற்றுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"வாங்குனதா? சகலை வண்டியிலேருந்து கழட்டி மாட்டுனதும்மா. பத்து நாளைக்கு அந்த மொட்டைய சாமிக்கண்ணு ஓட்டுவாரு."