சாப்பாட்டு மேசையின் தளபதி

இந்த முறை மேசையை விட்டுக்கொடுப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக்காரர் முடிவு கட்டிவிட்டார். வீடே இடிந்து விழட்டும், கப்பல் அசையாது.

கப்பல் என்றால் விண்கலம். ஃபோம் ஷீட்டை வெட்டி, மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி வளைத்து, ஒட்டி, சாம்பல் நிறம் பூசிய தாய்க்கப்பல். ஒரு கை நீளம். வாலில் எஞ்சின்களாகப் பேனா மூடிகள். சுற்றிலும் மிச்ச ஃபோமில் செதுக்கிய விண்கற்கள். பகடை உருட்டி, டேப்பால் அளந்து, கப்பலும் கப்பலும் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வருவார், தோற்பார், டீ குடித்துவிட்டுப் போவார்.

பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் மூக்குக்குச் சட்டம் பொருத்துகிற மனிதர் இவர். முதலாளி சொன்னாலும் சரி, வாடிக்கையாளர் சொன்னாலும் சரி, தலையாட்ட வேண்டும். மாலையில் விளக்கைப் போட்டால் மேசைமேல் ஓர் ஆகாயம் காத்திருக்கும். அங்கே மட்டும்தான் அவர் சொன்னது நடக்கும்.

ஆகாயத்துக்கு அடியில் இருந்தது சாப்பாட்டு மேசை. அதுதான் தகராறு. இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டே பழகிவிட்டார்கள். இப்போது மனைவியின் அக்காவும் அத்தானும் விருந்துக்கு வருகிறார்களாம்.

"அத்தானையும் மடியில தட்டு வச்சுக்கச் சொல்லவா?"

"சொல்லு. எனக்கு ஆட்சேபணை இல்ல."

கட்டிலுக்கு மாற்றலாமே என்றாள். மெத்தையில் கப்பல் சாயும் என்றார். பரண் என்றாள். பல்லி என்றார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டியாகிவிட்டது, இதற்கு ஆட்ட முடியாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார்.

அவள் கோபப்படவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"சரி, ஆடியே தீத்துக்கலாம். நான் ஜெயிச்சா மேசை எனக்கு."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெருந்தன்மையோடு விதிகளை விளக்கினார். எல்லாம் அவரே போட்ட விதிகள். துப்பாக்கி இருப்பது கப்பலின் மூக்கில். மூக்கிலிருந்து பார்க்கும்போது எதிரியின் ஒரு நுனி தெரிந்தாலும் சுடலாம். தெரியாவிட்டால் சுடக்கூடாது.

"ஒரு நுனி போதுமா?"

"போதும்."

அவள் குப்பைக்கூடையிலிருந்து ஃபோம் துணுக்குகளைப் பொறுக்கி, நகம் வெட்டும் கத்தரியால் மூன்று கப்பல் வெட்டினாள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. இதற்குப் பெயர் கப்பலா என்று கேட்டார். பறந்தால் சரிதான் என்றாள். நடுவராகப் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் அவள் கப்பல்கள் காணாமல் போயின. மூன்றும் ஆளுக்கொரு விண்கல்லுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டன. தாய்க்கப்பலுக்குப் பதுங்க இடமேது? மூக்கை ஒரு கல்லுக்குப் பின்னால் மறைத்தால் வால் மேசை பாதி தூரம் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பினால் கல்லில் இடித்தது. அவள் வாலைப் பார்த்துச் சுட்டாள். சுட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் திருப்பிச் சுடப் பகடையை எடுத்தார். டாக்டர் கன்னத்தை மேசையில் வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, தாய்க்கப்பலின் மூக்கிலிருந்து பார்த்தார்.

"கல்லுதான் சார் தெரியுது."

"நல்லா பாருங்க டாக்டர்."

"நல்ல கல்லு சார். நீங்க செஞ்சதுதானே."

அடிக்கு ஒன்றாகப் பேனா மூடிகள் கழன்றன. தாய்க்கப்பல் வீழ்ந்தது.

தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, வார்த்தையைக் காப்பாற்றுகிறேன், அவ்வளவுதான் என்று அறிவித்துவிட்டு, கப்பலைக் குழந்தையைப்போல் ஏந்திக் கட்டிலுக்குக் கொண்டுபோனார். அக்கா வந்தாள், அத்தான் வந்தார், மேசையில் சாப்பிட்டார்கள், போனார்கள்.

மறுநாள் காலை கப்பலை ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். மேசையில் புது ஃபோம் ஷீட் விரிந்திருந்தது. மனைவி டிரையரும் கையுமாக நின்றாள்.

"அக்காதான் போயாச்சே?"

"பந்தயம் அக்காவுக்கா கட்டினோம்? மேசைக்குத்தானே? இந்த ஞாயித்துக்கிழமை டாக்டர் என்கூட ஆட வராரு. தட்டு அடுப்படியில இருக்கு, மடியில வச்சுச் சாப்பிடுங்க."

அவர் நிமிர்ந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"அப்ப எனக்கு இந்த ஆட்டத்துல எந்த வேலையும் கிடையாதா?"

"ஏன் இல்ல? பதுங்க இன்னும் கல்லு வேணும். பெருசு பெருசா செஞ்சு குடுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே."